அடிக்காத அடி

ஜூலை. மொந்தெவிதேயோவில் எலும்பு வரை குளிர்.
தெருமுனையில் பழப்பெட்டிகளை உடைத்துக் கொளுத்தித்
தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.
எதுவிகெஸ் சுண்டிப் பார்க்கிறாள்:
"இன்னும் சளி பிடித்த குரல்தான். வை, வை."

மூன்று வகை மேளம் எங்கள் வரிசையில்.
பியானோ. பேர்தான் அப்படி,
கறுப்பு வெள்ளைக் கட்டை ஒன்றும் கிடையாது,
பீப்பாய் வயிறு, பேச்சும் வயிற்றிலிருந்து.
ரெப்பீக்கே, வில்மாருடையது,
வாய்த்துடுக்கு, யார் பேசினாலும் குறுக்கே பேசும்.
என்னுடையது சிக்கோ.
சின்னது. ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை.
அதற்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்:

        கதிமி
        கதிமி
        கதிமி

முன்னால் ஒரு த இருக்கிறது.
அதைச் சொல்லக் கூடாது.
இரண்டு மணி நேரம், நாற்பது மேளம்,
ஒருமுறைகூடச் சொல்லக் கூடாது.

முதல் வருஷம் எனக்குக் கை பொறுக்காது.
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போலக்
குச்சி அங்கேயே போகும்.
"அங்கே என்ன வேலை உனக்கு?" என்று
வில்மார் மேளத்தாலேயே திட்டுவான்.

பிந்தி வருவதல்ல இது.
பிந்தி வருகிறவளுக்கு மணி தெரியாது.
எனக்குத் தெரியும், மயிரிழை பிசகாமல் தெரியும்.
இருட்டில் மாடி இறங்கும்போது
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் வைப்போமே,
படி இருக்காது, வயிறு ஒரு கணம் மேலே ஏறும்,
அந்தப் படியைத்தான்
தெரு நெடுக வைத்துக்கொண்டு போகிறேன்.

பகலில் எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடம்.
மூன்றாம் இயந்திரத்துக்கு அச்சு தேய்ந்துவிட்டது.
தொம். தொம். தொம். தொம்.
ஒன்று விடாது. ஒன்றைக்கூட நமக்கென்று விடாது.
எட்டு மணி நேரம் அது சொல்லித் தீர்க்கிற ஒன்றை
இரவில் நான் சொல்லாமல் வைத்துக்கொள்கிறேன்.
கணக்கு அப்படி நேராகிறது,
அல்லது ஆகவில்லை. தெரியவில்லை.

அந்த ஞாயிறு நகராட்சிக்காரர் வந்தார்.
ஹெபெர் பென்தன்கூர். சட்டைப்பையில் பெயர்ச்சீட்டு,
கையில் ஒலி அளக்கும் கருவி.
புதுக் கட்டடத்து நாலாம் மாடியிலிருந்து புகார்.
நடைபாதை விளிம்பில் நின்று கருவியை நீட்டினார்,
காய்ச்சல் பார்ப்பவர் மாதிரி.
நாங்கள் நடந்தோம். எங்கள் நடை குறுநடை.
சங்கிலியின் மிச்சம் என்பார்கள் சிலர்,
கல் பாவிய தெரு, வழுக்கும், அதனால் என்பான் வில்மார்.
எண் ஏறியது. எழுதிக்கொண்டார்.
முகத்தில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

நான் சப்பாத்தைப் பார்த்தேன்.
பழுப்பு நிறம், அன்றைக்குத்தான் மெருகிட்டது.
வலது குதிகால் எழுந்தது,
விழுந்தது.

எங்கே?

நான் விட்ட இடத்தில். அச்சு அசலாக அங்கே.
மறுபடி. மறுபடி.
வில்மார் அடிக்கவில்லை, பியானோக்கள் அடிக்கவில்லை,
நாற்பது பேரில் ஒருவரும் அடிக்காததை
அபராதம் போட வந்த மனிதர்
அடித்துக்கொண்டு நிற்கிறார்,
அவருக்கே தெரியாமல்.
கருவியில் அது ஏறவில்லை.
அடி என்றால் கையுடையது என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
காலுக்கும் அதுதானே பேர்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் கை தவறும்.
உதட்டைக் கடித்துக்கொண்டு
கதிமி, கதிமி என்று அவரைக் கடந்து போனேன்.

செவ்வாய்க்கிழமை கதவடியில் அபராதச் சீட்டு கிடந்தது.
ஒரு பேசோ குறைக்கவில்லை அவர்.
எதுவிகெஸ் தொப்பியை ஏந்தி வீடு வீடாக ஏறி இறங்கினாள்,
நாலாம் மாடியிலும் கேட்டாளாம்.

வியாழனன்று சலவைக்கூடத்தில்
மெக்கானிக் வந்து புது அச்சு மாட்டினார்.
இயந்திரம் பூனை மாதிரி வழுவழுவென்று சுற்றியது.
நாங்கள் ஆறு பெண்கள்,
இரண்டிரண்டு பேராக விரிப்பின் நுனி பிடித்து
உதறினோம்
தொம் இருந்த இடத்தில்.